காப்பிச் சுவையும் அரைவைப் பொறியும்

காப்பியங்களைப் பேசிப் பழகிய அவையில் காப்பியைப் பற்றி ஓர் உரையா என்று வினவுவோர் இருத்தல் கூடும். நன்றியுரை முடிந்த பின்னும் கவிஞர் பெருமக்கள் கலைந்து செல்லாமல் ஒருமித்து நிற்கும் ஒரே இடம் காப்பிப் பாத்திரம் வைத்த மூலைதான் என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வினா தானே அடங்கிவிடும். காப்பி தமிழகத்தில் வேரூன்றிய சமூக வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். எனினும் காப்பியைக் குடித்தோரைப் பற்றிப் பேசிய அளவிற்கு அதனை அரைத்தோரைப் பற்றி நாம் பேசியதில்லை. இவ்வுரை அரைவையைப் பற்றியது. வீட்டில் நல்ல காப்பி வேண்டுவோர் எத்தகைய அரைவைப் பொறியைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

நல்ல காப்பிக்கு அடிப்படை எது என்று பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர் பீபெரிக் கொட்டை என்பார். ஒருவர் கள்ளிச்சொட்டுப் போன்ற பால் என்பார். கும்பகோணத்தார் காவிரித் தண்ணீர் என்பார். மாமியாரிடமிருந்து வந்த பித்தளை ஃபில்டர்தான் காரணம் என்று சாதிப்பாரும் உளர். அரைவை என்று விடையிறுப்போர் மிக அரியர். ஆனால் கொட்டை எத்துணை உயர்ந்ததாயினும், பால் எத்துணைத் திண்மையதாயினும், அரைவை பிழைத்தால் காப்பி பிழைத்துவிடும். இவற்றுள் வீட்டார் தம் கைக்குள் வைத்து ஆளக்கூடியதும் அரைவை ஒன்றே. கொட்டையை விளைவிப்பவர் சிக்கமகளூரிலோ குடகிலோ ஏற்காட்டிலோ இருக்கிறார். வறுப்பவர் கடையில் இருக்கிறார். பாலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் இத்தொழிலுக்கு ஒரு சொல் அன்று, பல சொற்கள் உள. இடித்தல் வேறு, அரைத்தல் வேறு, திரித்தல் வேறு, நுணுக்கல் வேறு. உலக்கை மேலிருந்து விழுந்து தாக்குவது இடித்தல். அம்மியின்மீது குழவியை முன்னும் பின்னும் செலுத்தித் தேய்ப்பது அரைத்தல். ஒரு கல் அசையாது கிடக்க, மற்றொரு கல் அதன்மேற் சுழல, இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் தானியம் நுழைந்து விளிம்பின் வழியே வெளிப்படுவது திரித்தல். அதனைச் செய்யும் கருவி திரிகை. இவ்வேறுபாட்டை அகராதி நுணுக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. காப்பிக்கொட்டையைப் பொறுத்தவரை நாவில் தெரியும் வேறுபாடு இதுவேயாகும். அச்சொல்லாட்சி மக்களிடம் கூர்மையாக இருந்த காலத்தில், எப்பொருளை எக்கருவியில் இட வேண்டும் என்ற அறிவும் கூர்மையாக இருந்தது. இன்று எல்லாவற்றிற்கும் 'அரைத்தல்' என்ற ஒரே சொல்லைச் சொல்லி எல்லாவற்றையும் ஒரே சாடியில் இடுகிறோம்.

அந்தச் சாடி மிக்சியினுடையது. தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011இல் தொடங்கிய பின்னர்க் குடிசைகளிலும் மிக்சி வந்துவிட்டது. பெண்களின் தோள்வலியைக் குறைத்த பொறி என்ற வகையில் அதன்மீது குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் மிக்சி இடிப்பதுமில்லை, அரைப்பதுமில்லை, திரிப்பதுமில்லை. அது வெட்டுகிறது. அடியில் சுழலும் அலகுகள் தம் முன் வந்து விழும் கொட்டையை வெட்டித் தள்ளுகின்றன. மீண்டும் மீண்டும் அலகின் வழியில் அகப்பட்ட துண்டு தூசாகிறது. அகப்படாமல் மேலே துள்ளிக்கொண்டிருந்த துண்டு துண்டாகவே நிற்கிறது. சட்டினிக்கு இதனால் கேடில்லை, உள்ளே நீர் இருப்பதால் எல்லாம் சுழன்று அலகினிடம் வந்தே தீரும். உலர்ந்த காப்பிக்கொட்டைக்கு அவ்வாய்ப்பில்லை. இன்னும் சற்று ஓட்டுவோம் என்று ஓட்டினால் சாடி சூடேறி, கோப்பையில் இருக்க வேண்டிய மணம் சமையலறையெங்கும் பரவுகிறது.

பரும்பொடியும் தூசும் கலந்திருந்தால் என்ன கெட்டுவிடும்? சிறு கணக்கு ஒன்று இதனை விளக்கும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுடைய கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை ஒரு மில்லிமீட்டர் பக்கமுடைய சிறு கனசதுரங்களாக நறுக்கினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். புறப்பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகும். அரை மில்லிமீட்டராக நறுக்கினால் துண்டுகள் 8,000, புறப்பரப்பு 120. வெந்நீர் தொடுவது புறப்பரப்பைத்தான். எனவே நுண்துகளிலிருந்து சாறு விரைந்து இறங்குகிறது, பருந்துகளிலிருந்து மெல்ல இறங்குகிறது. காப்பிக்கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீரில் கரையக்கூடியது. அதில் முதலில் இறங்குவன புளிப்பும் நறுமணமும், பின்னர் இனிமை, கடைசியில் கசப்பும் துவர்ப்பும். மொத்த எடையில் 18 முதல் 22 விழுக்காடு இறங்கிய அளவில் நிறுத்திக்கொள்வதே நன்று என்னும் கணக்கு, 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்னும் அறிவியலாளர் நடத்திய ஆய்வுகளின்வழி நிலைபெற்றது. பாலும் சர்க்கரையும் சிக்கரியும் கலவாத காப்பிக்குச் சொன்ன கணக்கு அது. தமிழர் காப்பிக்கு அப்படியே பொருத்த முற்படுவது பிறமொழி யாப்பை வெண்பாவின்மேல் ஏற்றுவது போன்றதாகும். கோட்பாடு மட்டும் இரண்டிற்கும் ஒன்றே. தூசு தன் கசப்பு முழுவதையும் கொட்டிவிட்ட அதே வேளையில் பருந்துண்டு தன் இனிமையை வெளிவிடாமலே இருந்தால், கசப்பும் புளிப்பும் நீர்த்தன்மையும் ஒரே டம்ளரில் வந்து சேரும். ஒரு சீர் மிக்கு ஒரு சீர் குறைந்த அடியைச் செவி கண்டுகொள்வதுபோல இதனை நா கண்டுகொள்ளும். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் 'இன்று காப்பி சரியில்லை' என்று சொல்லிவிடும். பழி பால்காரர் தலையில் விழும்.

ஆகவே வேண்டப்படுவது வெறும் நுண்மை அன்று, சீர்மை. சீர்மையைத் தருவது திரிகையின் முறை. இன்று 'பர்' என்னும் ஆங்கிலப் பெயரால் வழங்கும் அரைவைப் பொறிகள் யாவும் திரிகையின் வழிவந்தனவே. கல்லுக்கு மாற்றாகப் பல் வெட்டிய உருக்கோ பீங்கானோ அமைந்திருக்கும். ஒன்று நிற்கும், மற்றது சுழலும். இடைவெளியைத் திருகு ஒன்று கூட்டும், குறைக்கும். அவ்விடைவெளியைவிடப் பெரிய துண்டு கீழே விழ வழியில்லை. சிறியதானது உடனே விழுந்துவிடுவதால் மீண்டும் வெட்டுப்படுவதும் இல்லை. கல் மழுங்கினால் 'அம்மி கொத்தலையோ' என்று தெருவில் வருவோரை அழைத்துக் கொத்திக்கொண்டதுபோல, இப்பற்களும் பல்லாண்டுப் பயனுக்குப் பின் மழுங்கும். மாற்றுப் பல் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ் இல்லங்களுக்கு இக்கருவி புதியதன்று. வார்ப்பிரும்பில் செய்து, பலகையின் விளிம்பிலோ மேசையிலோ திருகி முடுக்கி, மேலே கிண்ணமும் பக்கத்தில் சுழற்றும் பிடியுமாக இருந்த அரைவையைத் தாத்தா வீட்டில் கண்டவர்கள் இவ்வவையிலேயே பலர் இருப்பர். பச்சைக்கொட்டையை வாங்கி, கரியடுப்பின்மேல் உருளையைச் சுழற்றி வறுத்து, ஆறவிட்டு, அன்றன்றைக்கு வேண்டிய அளவு அரைத்துக்கொள்ளும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான்: பின்னாளில் மோட்டார் வண்டிகளால் பெயர்பெற்ற பெழோ நிறுவனம் 1840ஆம் ஆண்டிலேயே காப்பி அரைவைகளைச் செய்து விற்றது. வண்டி அதற்குப் பின் வந்ததே.

அவ்வரைவை ஏன் பரணில் ஏறியது? விடை எளிது, பலர் அதனைச் சொல்ல விரும்புவதில்லை. அதன் பிடியைச் சுற்றியவர் காப்பியை முதலில் குடித்தவர் அல்லர். விடியற்காலையில் எழுந்து சுற்றியவர் பெரும்பாலும் வீட்டின் மருமகள். அல்லது படிக்க உட்காருமுன் பணிக்கப்பட்ட சிறுமி. கூடத்தில் நாளிதழோடு அமர்ந்திருந்தவருக்கு மணம் வந்தது. சமையற்கட்டில் இருந்தவருக்குக் கைவலி வந்தது. உலக்கை பிடித்த மகளிர்க்கு வள்ளைப் பாட்டு இருந்தது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் இளங்கோவடிகள் அதற்கு இடமளித்தார். காப்பி அரைத்தோர்க்கு அவ்வாறு ஒரு பாட்டு வகை அமையவில்லை. வள்ளை பலர் கூடிச் செய்யும் வேலைக்குரியது. காப்பி அரைவை ஒருவர் தனித்து, பிறர் உறங்கும் வேளையில் செய்வது. தெருமுனைக் காப்பிப்பொடிக் கடையில் மின்பொறி வந்ததும் அம்மகளிர் அதனை வரவேற்றதில் வியப்பில்லை.

அக்கடைகளை இழிவாகப் பேசுவது இன்றைய காப்பி வல்லுநர் சிலரின் வழக்கம், அது பொருந்தாது. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் தெருவையே மணக்கச் செய்யும் அக்கடைகளின் பெரும்பொறிகள் திரிகை வகையைச் சேர்ந்தவை. அவற்றின் அரைவைச் சீர்மையை வீட்டுப் பொறிகளுள் பல எட்டுவதில்லை.

"பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி போடுங்க. சிக்கரி நூத்துக்கு இருபது."

"ஃபில்டருக்குத்தானேம்மா? வழக்கம்போலவே அரைச்சுடறேன்."

இவ்வுரையாடலில் எவ்வளவு அறிவு பொதிந்துள்ளது! கலவையும் கருவியும் அரைவையும் இரண்டே வரிகளில் முடிந்துவிட்டன. கடைப்பொடியின் குறை அரைவையில் இல்லை, காலத்தில் இருக்கிறது. வறுத்த கொட்டை தன்னுள் கரியமில வாயுவையும் மணத்தையும் அடக்கி வைத்திருப்பது. உடைத்த கணத்திலிருந்து அவை வெளியேறத் தொடங்குகின்றன. கொட்டையாக இருக்கும்போது வாரக்கணக்கில் நிற்கும் மணம், பொடியான பின் நாட்கணக்கில் குறைந்துவிடுகிறது. மாதத் தொடக்கத்தில் ஒரு கிலோ பொடி வாங்கி டப்பாவில் அடைத்து, கடைசி வாரத்தில் காப்பி சுவைக்கவில்லை என்று வருந்துவோர், ஒன்று வாரந்தோறும் 100 கிராம் வாங்கலாம், அல்லது வீட்டில் அரைக்கலாம். கடை பக்கத்தில் இருந்து, கண்முன் அரைத்துத் தருமாயின் முதல் வழியே போதுமானது. பொறி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இவ்வுரை எவரையும் வற்புறுத்தவில்லை.

வாங்க விரும்புவோர் கருத வேண்டியவற்றுள் தலையாயது அச்சு. பல் எவ்வளவு கூரியதாயினும் அதனைத் தாங்கும் அச்சு ஆடினால் இடைவெளி ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் குறுகும், சீர்மை போய்விடும். கடையிலேயே பிடியைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கலாம். மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் அச்சைத் தாங்கும் அமைப்புடையவை நெடுநாள் உழைக்கும். விலை மலிந்த பீங்கான் பல் அரைவைகள் பல இச்சோதனையில் தோற்கும். பீங்கான் கெட்டது என்பதன்று இதன் பொருள். மலிவான உடலில் பொருத்தப்பட்டிருப்பதே குறை. உருக்குப் பல் விரைந்து அரைக்கும், கைக்கு எளிது.

அடுத்தது திருகு. ஃபில்டருக்கு வேண்டிய பதம் ஒரு குறுகிய எல்லைக்குள் அடங்குவது. பொடியுப்பைவிடச் சற்று மென்மையானது எனலாம். அந்த எல்லைக்குள் நான்கைந்து படிகளாவது நகர்த்தும் வசதி வேண்டும். 'நைஸ், மீடியம், கோர்ஸ்' என்று மூன்றே குறி போட்ட பொறி, குறில், நெடில், ஒற்று என்ற மூன்றை மட்டும் கற்றுக்கொண்டு செய்யுள் இயற்ற முனைவதைப் போன்றது. எஸ்பிரஸோ இயந்திரம் வைத்திருப்போர்க்கு இதனினும் நுணுகிய திருகு வேண்டும். அது வேறு துறை.

கொள்ளளவும் பார்க்க வேண்டும். கைப்பொறிகள் பெரும்பாலும் ஒரு முறைக்கு 20 முதல் 30 கிராம் வரை கொள்வன. இருவர் உள்ள வீட்டிற்கு அது போதும். நல்ல உருக்குப் பல்லாயின் ஓரிரு நிமிட வேலை. ஆறு பேர் உள்ள வீட்டில் இரண்டு மூன்று முறை நிரப்பிச் சுற்ற வேண்டிவரும். அவ்வீட்டிற்கு மின்பொறியே தக்கது. மின்பொறியின் ஓசை வைகறையில் வீட்டையே எழுப்பிவிடும் என்பதையும் மறைப்பதற்கில்லை. (கடையில் 'கிரைண்டர்' என்று மட்டும் கேட்டால் மாவு அரைக்கும் கிரைண்டரைத்தான் காட்டுவர். தமிழில் அச்சொல்லைக் கோயம்புத்தூர் எப்போதோ பட்டா போட்டுக்கொண்டது. புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.)

விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல பத்தாயிரம் வரை ஏறுகிறது. எவ்விலையிலாயினும் ஒரு வேண்டுகோள்: கைப்பொறியை வாங்குவோர் அதனைச் சுற்றப் போவது யார் என்பதை வாங்குமுன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். காப்பிக் கலையில் புதிதாக ஈடுபாடு கொண்ட மகன் ஒருவன், பளபளக்கும் கைப்பொறி ஒன்றை வாங்கிவந்து பெருமையோடு மேசைமேல் வைக்கிறான் என்று கொள்வோம். அன்னை அதனை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள். "நல்ல சாமான்தாண்டா. நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்து அரைக்கப் போறே?" என்கிறாள். அவ்வினாவிற்கு விடை கிடைக்காத வீட்டில் மின்பொறியே அறத்தின்பாற்பட்டது. சுவை வளர்ந்து, வேலை மீண்டும் பழைய தோளிலேயே ஏறுமாயின் அந்தச் சுவையைக் கொண்டாட ஒன்றுமில்லை. குடிப்பவனே சுற்றும் வீட்டில் கைப்பொறி இன்பம் தருவது. பீபெரி உருண்டையாகையால் பற்களுக்கிடையே தானே உருண்டு இறங்கும் நயத்தை அவன் கையாலேயே உணர்வான்.

சில நடைமுறைச் செய்திகள். சிக்கரியை அரைவையில் இடலாகாது. பொடியாகவே வாங்கிப் பின்னர்க் கலந்துகொள்வது தக்கது. கடைக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது இந்திய உணவுச் சட்டம். வீட்டில் கலப்போர்க்கு அளவு அவரவர் விருப்பம். அரைவையின் பற்களை நீரில் கழுவலாகாது, உருக்கு துருப்பிடிக்கும். சிறு தூரிகையால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். துடைக்காமல் விட்டால் கொட்டையின் எண்ணெய் படிந்து சிக்குநாற்றம் ஏறி, புதிய கொட்டையையும் கெடுக்கும். அரைத்த பொடி மின்னூட்டம் பெற்றுக் கிண்ணத்தின் விளிம்பெங்கும் ஒட்டிக்கொள்வது பலரைச் சலிப்படையச் செய்வது. அரைக்குமுன் கொட்டையில் சில துளி நீர் தெளித்தால் அது பெரிதும் குறையும் என்பதை ஆரிகன் பல்கலைக்கழகத்தார் 2023இல் 'மேட்டர்' என்னும் ஆய்விதழில் ஆய்ந்து காட்டினர். துளி என்றால் துளியே.

மிக்சி மட்டுமே உள்ள வீடுகளும் மனம் தளர வேண்டியதில்லை. சிறிய சாடியில் சிறிதளவு கொட்டையிட்டு, தொடர்ந்து ஓட்டாமல் மூன்று நான்கு விநாடிகளாக விட்டுவிட்டு ஓட்டி, இடையிடையே சாடியைக் குலுக்கி, மெல்லிய சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் பரும்பொடியை மீண்டும் ஒருமுறை ஓட்டினால் பெருங்குறை நீங்கும்.

பொறி வந்த பின் பதத்தை யார் சொல்லித் தருவது? ஃபில்டரே சொல்லித் தரும். பொடியை இட்டு, காம்புள்ள துளைத்தட்டை மேலே வைத்து, கொதித்த நீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்தால், நன்கு அமைந்த அரைவையில் டிகாஷன் கால் மணி நேரத்தை ஒட்டிச் சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும். இரண்டு மூன்று நிமிடங்களில் ஓடி இறங்கி வெளிறியிருந்தால் அரைவை பருமன். திருகை ஒரு படி இறுக்க வேண்டும். ஒரு மணி நேரமாகியும் நீர் மேலேயே நின்று, கரண்டியால் ஃபில்டரைத் தட்டிக்கொண்டிருக்க நேர்ந்தால் அரைவை மிக நுண்மை. ஒரு படி தளர்த்த வேண்டும். கொட்டையின் அளவையும் நீரின் அளவையும் மாற்றாமல் திருகை மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறை. மூன்றையும் ஒருசேர மாற்றினால் எதனால் என்ன விளைந்தது என்பது தெரியாமல் போகும். பத்து நாட்களுக்குள் அவ்வீட்டுக்குரிய எண் கிடைத்துவிடும். கொட்டை மாறினாலோ வறுவல் மாறினாலோ ஓரிரு படிகள் திருத்த நேரிடும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அரைவைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைப்பது நன்று. காலையில் முதலில் கண்விழிப்பவர் யாராயினும் அவரே அரைத்துக்கொள்ள அது உதவும்.